பாலறுகில் கரைந்த தலைமயிர்

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு முப்பது வயதுக்கு மேல் உச்சியில் தலைமயிர் நிற்பதில்லை. இதை நான் வெட்கப்பட்டு எழுதவில்லை. சரவணை ஊரில் எங்கள் வீட்டு விறாந்தையில் என் தகப்பனாரின் படமும் பாட்டனாரின் படமும் மாட்டியிருக்கின்றன. இரண்டு தலைகளும் புளி போட்டுத் துலக்கிய செம்பு போலிருக்கும். படம் பிடிக்க வந்தவன் பாட்டனாரைத் தலைப்பாகை கட்டிக்கொள்ளச் சொன்னானாம். "நீ என்னைப் படம் பிடிக்க வந்தனியோ, துணியைப் படம் பிடிக்க வந்தனியோ?" என்று அவர் கேட்டாராம். அந்தத் தலைகளோடுதான் அவர்கள் கோயில் திருவிழா நடத்தினார்கள், காணி வழக்குப் பேசினார்கள், பெண்ணும் கட்டினார்கள். ஒருவரும் ஒரு மயிரைக்கூட இரவல் வாங்கவில்லை.

என் மகன் சயந்தன் காலத்தில்தான் தலைமயிர் ஒரு கல்வித் தகைமை ஆகிவிட்டது. அவனுக்கு ஊர்காவற்றுறையில் வங்கி வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை. எதைக் கேட்டாலும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வான். அந்த ஒரு குறைதான். சாதகம் பொருந்தும். பிறகு பெண் வீட்டார் படம் கேட்பார்கள். படம் போனதும் பேச்சு நின்றுவிடும். ஒரு வீட்டார் நேரிலேயே வந்து அவன் தலையைப் பார்த்துவிட்டு, "தம்பியின்ர வயதைச் சரியாத்தான் சொன்னனீங்களோ?" என்று கேட்டார்கள். நான் எழுந்து வாசல் படலையைத் திறந்துவிட்டேன். தேத்தண்ணி குசினியிலேயே ஆறிப்போயிற்று.

என் மனைவி இராசேஸ்வரிக்கு இது துக்கமாகிவிட்டது. துக்கம் வந்தால் அவள் கோயிலுக்குப் போகமாட்டாள். ரொறொன்ரோவுக்குத் தொலைபேசி எடுப்பாள். அங்கே அவளுடைய தம்பி பரராசசிங்கம் இருக்கிறார். உலகத்தில் எந்த விஷயத்தைக் கேட்டாலும் "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கிறார்" என்று தொடங்குகிற மனிதர். அந்த வருடம் அவர் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறையப் போத்தில்கள் கொண்டுவந்தார். அறுபத்திரண்டு வயதிலும் அவருடைய தலைமயிர் தார் றோட்டுப் போலக் கறுப்பாக, அசையாமல் இருந்தது. வீட்டுக்குள்ளும் அவர் தொப்பியைக் கழற்றுவது குறைவு.

"அத்தான், வழுக்கை எண்டுறது இப்ப ஒரு நோயே இல்லை. அது ஒரு சிக்னல் பிரச்சினை. வேருக்குள்ள போற சிக்னல் நிண்டுபோச்சு. இந்தப் போத்தில் அதைத் திருப்பிப் போடும்."

"என்ன, கரண்ட் நிண்டமாதிரியோ?"

"ஓமோம், அச்சா அப்பிடித்தான்!"

"அப்ப வயர் வேலை செய்யிற ஆளைக் கூப்பிடுமன். போத்திலை என்னத்துக்குக் காவிக்கொண்டு வந்தனீர்?"

இராசேஸ்வரி என்னை முறைத்தாள். போத்திலில் முறுக்கிய ஏணி போல ஒரு படமும், அதன் கீழே வெள்ளைக்காரன் ஒருவன் தன் தலைமயிரைத் தானே மெச்சிக்கொள்ளும் படமும் இருந்தன. மருந்தை விற்பவன் நோயாளியின் படத்தைப் போடாமல் தன் பூரிப்பைப் படமாகப் போடும்போதே எனக்கு நம்பிக்கை போய்விடும். ஆனால் நான் தடுக்கவில்லை. எண்ணெய் வைப்பதுபோல எதையோ வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

சில மாதங்களில் சயந்தனின் தலை கறுத்தது. "பாத்தீங்களே, தம்பியின்ர மருந்து பிடிச்சிட்டுது" என்றாள் இராசேஸ்வரி. நான் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. வளர்ந்த மகனின் தலையைத் தடவிப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் தகப்பனார் வளர்ந்த என் தலையில் கை வைத்தது என் கலியாணத்தன்று, பாலறுகுச் சடங்கு செய்தபோது மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் நயினாதீவிலிருந்து ஒரு பேச்சு வந்தது. சிவபாதம் என்பவர், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், மரியாதையான குடும்பம். அவருடைய மகள் கம்சிகா கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். என்ன ஆய்வு என்று தரகரிடம் கேட்டேன். தலைமயிரின் வேரில் இருக்கிற உயிர்க்கலங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதுதானாம்.

இதைக் கேட்டதும் இராசேஸ்வரிக்கு வியர்த்துவிட்டது. வெக்கை என்று நினைத்தேன். எனக்கோ சந்தோஷம். வழுக்கையைப் பாடமாகப் படித்த பெண் வழுக்கைக்குப் பயப்படமாட்டாள் அல்லவா?

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போனோம். பரராசசிங்கமும் கூடவே வந்தார். ரொறொன்ரோவிலிருந்து வந்தவரை விட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை என்றாள் என் மனைவி. சயந்தன் படகின் மேல்தட்டுக்கு வரவில்லை. காற்று ஒத்துக்கொள்ளாதாம். கடலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்பதை அன்றைக்கே நான் கேள்வி கேட்டிருக்கலாம்.

கம்சிகா தேத்தண்ணித் தட்டத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு எங்களுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். குனிந்த தலை இல்லை. எனக்கு அது பிடித்தது. பரராசசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, நீங்களும் எங்கட லைன்தானாம். நானும் இந்தச் சிக்னல் விஷயத்தில கொஞ்சம் உள்ளுக்கு இறங்கின ஆள்."

"அப்பிடியே அங்கிள்? நல்லது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ பிள்ளை. என்ர தலையைப் பற்றின கதை. நானும் தெரிஞ்சுகொள்ளுறன்."

"தலைமயிரின்ர வேரடியில ஒரு கூட்டம் கலங்கள் இருக்கு. அதுகள்தான் பக்கத்துக் கலங்களுக்கு 'வளரு' எண்டு சொல்லுறது. அந்தச் சொல்லுக்கு நாங்கள் விண்ட் எண்டு பேர் வைச்சிருக்கிறம். டி.எச்.ரி. எண்டு ஆம்பிளையளின்ர ஓமோன் ஒண்டு இருக்கு. அது இரத்தத்தோட வந்து வேரடிக் கலத்துக்குள்ள பூந்து, அங்க தனக்கெண்டு இருக்கிற ஒரு புரதத்தில ஒட்டிக்கொள்ளும். ஒட்டின உடன அதே கலம் வேறொரு சாமானை வெளியில விடும். அது போய் அந்தச் சொல்லு உள்ள போற வாசலில குந்திக்கொள்ளும். சொல்லு வாசல் வரைக்கும் வரும், உள்ள போக ஏலாது. அதால வேர் சாகிறேல்லை, மாமா. ஒவ்வொரு முறை முளைக்கேக்கையும் சிறுத்துச் சிறுத்து, கடைசியில பூனைமயிர் மாதிரி ஆயிடும்."

நான் வாழ்க்கையில் கேட்ட விஞ்ஞானத்தில் இதுதான் உடனே விளங்கியது. ரொறொன்ரோவிலிருந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு, ஒரு சொல்லையும் உள்ளே விடாத ஒருவரோடு நான் அப்போது சில மாதங்களாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பின்பக்கத்தில மட்டும் ஏன் பிள்ளை நிக்குது?"

"அந்த வேர்களுக்கு உந்த ஓமோன் சொன்னாக் கேக்காது, மாமா."

"அப்ப முதுகெலும்பு இருக்கிறது எங்கட பிடரி மயிருக்குத்தான் எண்டு சொல்லுங்கோ."

அவள் சிரித்தாள். சிவபாதமும் சிரித்தார். இராசேஸ்வரி மட்டும், "தாய்வழியாலதான் இது வாறதெண்டு சனம் கதைக்குது, பிள்ளை. பழி முழுக்க என்ர தலையில" என்றாள்.

"தாய்வழியும் இருக்கு, தகப்பன்வழியும் இருக்கு, மாமி. கனக்கப் பரம்பரையலகுகள் சேந்து செய்யிற வேலை."

என் பாட்டனாரின் தலையில் ஒரு பங்கை மனைவி வீட்டாருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. பரராசசிங்கம் இடையில் புகுந்தார்.

"உந்த விண்டைத்தான் பிள்ளை என்ர போத்தில் தட்டி எழுப்புறது. மொட்டையா இருந்த மருமகனுக்கு மூண்டு நாலு மாதத்தில முளைச்சிட்டுது."

"எப்பிடி அங்கிள்? வாசலில குந்தினதை எழுப்புதோ, ஓமோனை மறிக்குதோ?"

"ரெண்டும்."

"எந்தக் கலத்தில?"

"எல்லாக் கலத்திலயும்தான்!"

"எல்லாக் கலத்திலயும் விண்டை எழுப்பி விட்டா, தலைமயிருக்கு முதல் புற்றுநோய்தான் அங்கிள் வரும்."

பரராசசிங்கம் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். அது அவருக்கு நல்ல ஒளிவிடமாக இருந்தது.

"டொக்டர்மார் குடுக்கிற குளிசை இருக்கு, பூசிற மருந்து இருக்கு" என்று அவள் தொடர்ந்தாள். "அதுகள் இருக்கிறதைக் காப்பாத்தும், கொஞ்சம் தடிப்பாக்கும். நிப்பாட்டினாத் திரும்பக் கொட்டும். ஆனா மொட்டையாப் போன இடம் மூண்டு நாலு மாதத்தில இப்பிடி அடர்த்தியா முளைச்சு நான் கண்டதில்லை." இதைச் சொல்லும்போது அவள் சயந்தனின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "உண்மையா முளைச்சதோ?"

அவன் தாயைப் பார்த்தான். தாய் நிலத்தைப் பார்த்தாள். மாமன் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலால் கண்ணைக் காட்டினார்.

"ஓம்" என்றான்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, எனக்கு வழுக்கை ஒரு பிரச்சினையே இல்லை. இல்லாததை இருக்கெண்டு சொல்லுறதுதான் எனக்கு ஏலாது. ஆய்வுகூடத்தில அப்பிடி ஒரு ஆளோட வேலை செய்தனான். அவர் காட்டின முடிவெல்லாம் பொய். அதை நம்பி நாங்கள் செய்த வேலை முழுக்கக் குப்பையில போனது. வீட்டிலயும் அப்பிடி ஒராளோட இருக்க என்னால முடியாது."

நான் நிமிர்ந்து இருந்தேன். "பிள்ளை, எங்கட வீட்டில ஒளிப்பு மறைப்பு கிடையாது. என்ர மகன் ஓம் எண்டால் ஓம். அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்கள் சொன்னாக் காணும் மாமா, வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

அந்தச் சொல்லின் மேல்தான் கலியாணம் நிச்சயமாயிற்று. நயினாதீவு அம்மன் கோயிலில் முகூர்த்தம், பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. எல்லாம் பெண் வீட்டார் பார்த்தார்கள்.

கலியாணத்தன்று காலையில் பெண்ணின் தம்பி டினேஷ் மாப்பிள்ளைத் தோழனாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். மாப்பிள்ளையை அழைத்துப்போவது அவனுடைய கடமை. அதற்கு முதல் பாலறுகு வைக்க வேண்டும். மாப்பிள்ளையைக் கிழக்குப் பார்த்துப் பலகையில் இருத்தி, பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தலையில் வைத்து ஆசீர்வதிப்பார்கள். பிறகுதான் முழுக்கும் பட்டுடுப்பும் தலைப்பாகையும். பல வீடுகளில் இப்போது புல்லை மயிரில் படாமல் காட்டிவிட்டு, படம் பிடிப்பவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டு முறை வேறு. அறுகை உச்சியில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி, பால் கீழே வழியும்வரை எடுக்கமாட்டோம். என் தகப்பனார் எனக்கு வைத்தார். அவருக்கு அவருடைய தகப்பனார் வைத்தார்.

கனடாவில் முப்பது வருடம் இருந்த பரராசசிங்கத்துக்கு இது மறந்துபோயிருந்தது. இராசேஸ்வரிக்கு மறந்திருக்க முடியாது. ஆனால் அவள் அன்றைக்கு நான் அவசரப்படுவேன் என்று நம்பியிருக்கிறாள். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய பிறகு அப்படி நம்பியதுதான் எனக்கு இன்னமும் அவமானமாக இருக்கிறது.

தகப்பன் என்ற முறையில் நான் முதலில் வைத்தேன். அறுகைப் பாலில் தோய்த்து அவன் உச்சியில் வைத்து அழுத்தினேன். கைக்கு மயிர் தட்டுப்படவில்லை. வழுவழுவென்று, ஈரமான ஒரு தோல் தட்டுப்பட்டது. பால் வழிந்தது. வெள்ளையாக வரவில்லை. கரிச்சட்டி கழுவிய தண்ணீர் போல நெற்றியில் இறங்கி, புருவத்தில் தங்கி, மூக்கு நுனியில் சொட்டியது. கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை கறுப்பு.

"காணும் அத்தான், காணும்! நேரம் போகுது. அடுத்த ஆள் வரட்டும்" என்று பரராசசிங்கம் துவாயோடு ஓடிவந்தார்.

பாலறுகுக்குத் துவாய் கொண்டு நிற்கிற வழக்கம் ஒருவருக்கும் இல்லை. துவாயைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காற்று ஒத்துக்கொள்ளாத படகு, வியர்த்த மனைவி, நிலத்தைப் பார்த்த கண்கள், அன்று காலையில் சயந்தனும் மாமனும் உள்ளே பூட்டிக்கொண்ட அறைக் கதவு. மருந்து ஒன்றும் பிடிக்கவில்லை. தலைமயிர் நிறத்தில் ஏதோ ஒரு தூளைத் தூவித் தூவி என் மகனைப் பொம்மை போலச் சோடித்திருக்கிறார்கள். அந்தத் தூளுக்கு நான் பிணை நின்றிருக்கிறேன்.

இராசேஸ்வரி என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "இஞ்சேருங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன். டினேஷ் அங்கால போன் கதைக்கிறான், காணேல்லை. முழுகினாப் பிறகு தலைப்பாகை கட்டிவிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. தாலி கட்டினாப் பிறகு ஆர் கேக்கிறது?"

"அந்தப் பிள்ளை கேக்கும்" என்றேன். "டினேஷ் தம்பி! இஞ்ச ஒருக்கா வாரும்."

அவன் வந்தான். நான் பால் செம்பை இரண்டு கையாலும் எடுத்தேன். பாலை வீணாக்குகிற குடும்பம் அல்ல எங்களுடையது. ஆனால் அன்று செம்பு முழுவதையும் என் மகனின் தலையில் ஊற்றினேன். ஊற்றிவிட்டுக் கையால் தேய்த்தேன். கறுப்பு ஓடி ஓடிப் பலகையில் தேங்கியது. சயந்தன் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருந்த தலை வெளியே வந்தது. நல்ல தலை. என் தகப்பனார் படத்திலிருந்து இறங்கி வந்து பலகையில் இருந்தது போலிருந்தது. இதையா மறைத்தார்கள்?

டினேஷுக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"தம்பி, உங்கட வீட்டில நான் குடுத்த வாக்குப் பிழைச்சுப்போச்சு. அண்டைக்கு எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சிட்டுது. அக்காவுக்கு இப்பவே சொல்லும். அவ வேண்டாம் எண்டால் நாங்கள் படகேறமாட்டம்."

"அத்தானுக்கு விசர் பிடிச்சிட்டுது!" என்று பரராசசிங்கம் கத்தினார். "கலியாண நாளில குடும்ப மானத்தை நடு முற்றத்தில ஊத்துறார்!"

"மானம் எண்டு நீர் சொல்லுறது அங்க பலகையில தேங்கி நிக்குது. வேணுமெண்டா உந்தத் துவாயால துடைச்சு எடுத்துக்கொண்டு போம்."

டினேஷ் தொலைபேசியை எடுத்தான். கம்சிகாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் நாதசுவரக்காரர் ஒத்து ஊதிப் பார்க்கும் சத்தமும் கேட்டது. அவன் நடந்ததைச் சொன்னான்.

"கழுவினது ஆர்?" என்று கேட்டாள்.

"மாமா."

"மாப்பிள்ளை என்ன செய்தவர்?"

"அவர்... இருந்தவர், அக்கா."

"இருந்தவரோ. குடு அவரிட்ட."

சயந்தன் பால் வழியும் கையால் தொலைபேசியை வாங்கினான். பரராசசிங்கம் அவன் காதுக்குள், "மருந்து பாலோட பட்டுக் கரைஞ்சுபோச்சு எண்டு சொல்லடா" என்றார். இராசேஸ்வரி முன்னால் வந்து நின்றாள். அவன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றுதான் முதல்தடவை.

"அது தூள்" என்றான். "ஒண்டும் முளைக்கேல்லை. அண்டைக்கு ஓம் எண்டது பொய். அப்பாவுக்குத் தெரியாது. நீங்கள் கேக்கேக்கையே சொல்லியிருக்கவேணும். எனக்குப் பயமாயிருந்தது."

"என்ன பயம்?"

"நீங்களும் வேண்டாமெண்டு போயிடுவியளோ எண்டு."

இந்தக் குடும்பத்தின் ஒரு தலைமுறை அந்தத் தொலைபேசியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் செம்பைக் கீழே வைக்கவில்லை.

"சரி" என்றாள் கடைசியில். "தலைப்பாகை கட்டாமல் வாங்கோ. வீட்டு வாசலில இருந்து கோயில் வரைக்கும் எல்லாரும் பாக்கட்டும். இஞ்ச வந்தாப் பிறகு தம்பி கட்டிவிடுவான்."

"வாறன்" என்றான்.

மாப்பிள்ளை தலைப்பாகை இல்லாமல் வாசல் தாண்டுவது எங்கள் முறையில் இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் நான் சம்மதித்திருக்கமாட்டேன். பரராசசிங்கம் அதையே பிடித்துக்கொண்டார். "இதென்ன முறைகேடு! சனம் என்ன சொல்லும்?"

"முறை கதைக்கிற ஆளைப் பாருங்கோ" என்றேன். "அந்தப் பிள்ளை கேட்டது நியாயம். பூசினது ஒளிச்சு வைச்சு. கழுவினது ஊரறிய இருக்கட்டும்."

சயந்தன் முழுகி, பட்டுடுத்தி, வெறுந்தலையோடு வாசல் தாண்டினான். குறிகட்டுவான் இறங்குதுறையில் கோயிலுக்குப் போகிற சனம் நிறைய நின்றது. பார்த்தார்கள். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். தலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று நான் இத்தனை காலத்தில் கண்டு முடித்துவிட்டேன்.

இந்த முறை அவன் படகின் மேல்தட்டில், வெயிலில் இருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். இராசேஸ்வரி தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளோடு நான் பேச இன்னும் நாளெடுக்கும். பரராசசிங்கம் ஒரு மூலையில் இருந்தார். நடுக் கடலில் கச்சான் காற்று எழும்பியதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அக்கரை சேரும்வரை கையை எடுக்கவில்லை. டினேஷ் குனிந்து, "அங்கிள், தலையிடியோ?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். எங்கள் புதுச் சொந்தத்தில் அந்தப் பெடியனை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

நயினாதீவுத் துறையில் சிவபாதம் நின்றார். மேளக்காரர் பின்னால் நின்றார்கள். அவர் சயந்தனின் தலையை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"அம்பலவாணர் அண்ணை, உங்கட வீட்டில ஒளிப்பு மறைப்பு கிடையாது எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் சம்பந்தி" என்றேன். "அதுதான் கழுவிக் கொண்டுவந்திருக்கிறன்."

அவர் மேளக்காரரை வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.